பவர் ஆம்ப்பைச் சுவர் பிளக்கில் போடுவதா, கண்டிஷனரில் போடுவதா?

கேள்வி இது: வீட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனலுக்கு 400 வாட் தரும் கிளாஸ்-ஏபி (வழக்கமான டிரான்சிஸ்டர் வகை) ஸ்டீரியோ பவர் ஆம்ப், அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர், இருக்கிறது. கூடவே ஒரு ப்ரீஆம்ப் (பவர் ஆம்ப்புக்கு முன்னால் சிக்னலையும் வால்யூமையும் கையாளும் கருவி), ஒரு டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி), ஒரு டிவி. ஆம்ப்பின் மேனுவல் நேரடியாகச் சுவர் பிளக்கில் போடச் சொல்கிறது. கடையில் கேட்டால் பவர் கண்டிஷனர் (சுவர் கரண்டைச் சுத்தப்படுத்தித் தருவதாகச் சொல்லி விற்கும் பெட்டி) இல்லாமல் போட்டால் ஆம்ப் போய்விடும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? தமிழ்நாட்டு வீடு, த்ரீ பேஸ் கனெக்‌ஷன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அளவு ஆம்ப்புக்கு டிபி பாக்ஸிலிருந்து (வீட்டின் ட்ரிப் சுவிட்சுகள் இருக்கும் பெட்டி) நேராக வரும் 16 ஆம்பியர் லைன்தான் சரி. பாதுகாப்புக் கருவிகள் அந்த லைன் புறப்படும் இடத்திலேயே, டிபி பாக்ஸுக்குள் இருக்க வேண்டும். ப்ரீஆம்ப், டிஏசி, டிவி மூன்றையும் ஃபில்டர் உள்ள ஒரு பெட்டியில் போடலாம். அந்தப் பெட்டிக்கும் கரண்ட் இதே லைனிலிருந்துதான் வர வேண்டும். மேனுவல் சொல்வதிலும் கடைக்காரர் சொல்வதிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி எப்போது உண்மை என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். காதை மட்டும் நம்பி நடக்கும் வாக்குவாதம் இந்த விஷயத்தில் முடிந்ததே இல்லை.

ஆம்ப் கரண்ட் இழுக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. உள்ளே பெரிய டிரான்ஸ்ஃபார்மர், அடுத்து ஏசியை டிசியாக்கும் டயோடுகள் கொண்ட பிரிட்ஜ் ரெக்டிஃபையர், அதற்குப் பின்னால் அந்த மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள். கெப்பாசிட்டரில் இருக்கும் வோல்டேஜைத் தாண்டி மெயின்ஸ் (சுவரிலிருந்து வரும் ஏசி) அலையின் உச்சி மேலே போகும் சிறு நேரத்தில்தான் டயோடுகள் கடத்தும். 50 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு அரைச் சுற்றும் 10 மில்லி விநாடி. அதில் ஏறத்தாழ 2, 3 மில்லி விநாடிக்கு மட்டும் ஆம்ப் சுவரிலிருந்து கரண்ட் எடுக்கிறது; மீதி நேரம் கெப்பாசிட்டர்தான் ஸ்பீக்கரை ஓட்டுகிறது. அதனால் கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் மீட்டர்) 8 ஆம்பியர் காட்டும்போது அலையின் உச்சியில் 20 ஆம்பியருக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். அயர்ன் பாக்ஸோ கெட்டிலோ இப்படி இழுப்பதில்லை. கண்டிஷனரின் மேல் வெறும் வாட் கணக்கு மட்டும் அச்சடித்திருந்தால் அது அயர்ன் பாக்ஸ் மாதிரியான லோடுக்கான கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அளவு. இரண்டு சேனலும் முழு 400 வாட் தள்ளினால் வெளியே வருவது 800 வாட். கிளாஸ்-ஏபி ஆம்ப்பின் திறன் முழு ஓட்டத்தில் 60 சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும். ஆக உள்ளே போவது சுமார் 1,300 வாட். கரண்ட் துண்டு துண்டாகப் போவதால் பவர் ஃபேக்டர் (உண்மையான வாட்டுக்கும், வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி வரும் விஏவுக்கும் உள்ள விகிதம்) 0.7 அளவில்தான் நிற்கும். 1,300-ஐ 0.7-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,850 விஏ, 230 வோல்ட்டில் 8 ஆம்பியர். நம் ஊர் சின்ன பிளக் பாயிண்டின் எல்லை 6 ஆம்பியர், அதாவது 1,380 விஏ. பெரிய பவர் பிளக்கின் எல்லை 16 ஆம்பியர், 3,680 விஏ.

ஆனால் பாட்டு அப்படி ஓடுவதில்லை. டிரம் அடிக்கும் கணத்துக்கும் சராசரிக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. ஆடியோ கருவிகளின் பாதுகாப்புத் தரநிலைகளிலேயே ஆம்ப்பின் சூட்டைச் சோதிக்க முழு பவரில் எட்டில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் ஆம்ப்புக்கு அது 100 வாட். குறைந்த ஓட்டத்தில் திறனும் குறைவு என்பதால் உள்ளே போவது 350 முதல் 400 வாட் இருக்கும், சுவரில் 2.5 ஆம்பியர் அளவு. அதுவே வீட்டில் கேட்பதற்கு மிகப் பெரிய சத்தம். 6 ஆம்பியர் பிளக்கில் பெரிய ஆம்ப்பை மாட்டி வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் தப்பித்துக்கொண்டிருப்பது இதனால்தான். சிக்கல் சராசரியில் இல்லை; உச்சியில் இழுக்கும் அந்த 20 ஆம்பியர் எவ்வளவு தடையைக் கடந்து வருகிறது என்பதில் இருக்கிறது.

சுவர் பக்கத்துத் தடையை முதலில் பார்ப்போம். 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பர் வயருக்குக் கிலோமீட்டருக்கு 7.41 ஓம். டிபி பாக்ஸிலிருந்து ஹாலுக்கு 15 மீட்டர் என்றால் பேஸும் நியூட்ரலும் சேர்த்து 30 மீட்டர், 0.22 ஓம். அதையே 4 ஸ்கொயரில் இழுத்தால் 0.14. 1.5 ஸ்கொயரில் என்றால் 0.36. வீட்டுக்கு வெளியே, ஈபி டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் உள்ள லைனுக்கு, சர்வதேச தரநிலைகள் கணக்குக்கு வைத்துக்கொள்ளும் மதிப்பு சுமார் 0.47 ஓம். இடத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். இரண்டையும் சேர்த்தால் 0.7 ஓம் வருகிறது. 20 ஆம்பியர் உச்சிக்கு 14 வோல்ட் விழும். மெயின்ஸ் அலையின் உச்சி 325 வோல்ட், அதில் இது 4 சதவீதம் சொச்சம். சத்தத்தில் அரை டெசிபெல்கூட இல்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் ஆம்ப் "மூச்சுத் திணறும்" என்று எழுதுகிறவர்கள் அதை மிகைப்படுத்துகிறார்கள். 230 வோல்ட் 200-ஆக இறங்கினால் ஆம்ப்பின் அதிகபட்ச பவர் கால்வாசி குறைகிறது, உண்மை. டெசிபெலில் அது 1.2 மட்டும். நீங்கள் ஆம்ப்பை கிளிப்பிங் (பவர் போதாமல் ஒலி அலையின் தலை வெட்டப்படும் நிலை) வரை ஓட்டாதவரை அந்த 1.2 உங்களுக்குத் தெரியவே தெரியாது. நல்ல லைன் போடச் சொல்வதற்கு முதல் காரணம் ஒலி அல்ல. வயரும் சாக்கெட்டும் சூடாகாமல் இருக்க வேண்டும், ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது ஆம்ப் பாதிக்கப்படக் கூடாது, எர்த் சரியாக இருக்க வேண்டும் என்பவைதான் காரணங்கள்.

இனி கண்டிஷனருக்குள் போவோம். இந்தப் பெயரில் விற்கும் பெட்டிகளில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சர்க்யூட்டுகள் இருக்கின்றன. அதனால் "கண்டிஷனர் நல்லதா" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. ஆம்ப்பின் கரண்ட் கடந்து போகும் பாதையில் ஏதாவது தொடராக இருக்கிறதா, அல்லது எல்லாமே பக்கவாட்டில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே இருக்கிறதா? பெட்டியைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

குறுக்கே மட்டும் இருப்பது எம்ஓவியும் (வோல்டேஜ் திடீரென எகிறினால் அதை வெட்டும் பாகம்) சிறு கெப்பாசிட்டர்களும். நல்ல ஸ்பைக் கார்டு இந்த வகை. கரண்ட் பாதையில் ஒரு சுவிட்சும் பியூஸும் தவிர வேறெதுவும் இல்லை என்பதால் ஆம்ப்புக்கு எந்தத் தடையும் வராது. 16 ஆம்பியர் ரேட்டிங் உள்ளதாக, ஒயர் 1.5 ஸ்கொயருக்குக் குறையாததாக இருந்தால் பெரிய ஆம்ப்பை இதில் தாராளமாகப் போடலாம். சில விலையுயர்ந்த கண்டிஷனர்களில் "ஹை கரண்ட்" என்று தனியாகக் குறித்த சாக்கெட்டுகள் இருக்கும். அவற்றில் பலவற்றில் உள்ளே இருப்பதும் ஏறத்தாழ இதேதான். தவறில்லை, விலைக்கு ஏற்ற வேலை அதில் நடக்கவில்லை என்பது மட்டும்தான் குறை.

அடுத்தது இஎம்ஐ ஃபில்டர், அதாவது மெயின்ஸில் வரும் மின் இரைச்சலை வடிகட்டும் சர்க்யூட். இதில் ஒரே வளையத்தில் பேஸும் நியூட்ரலும் எதிரெதிராகச் சுற்றிய காமன் மோட் சோக் இருக்கும். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒன்றையொன்று ரத்துசெய்துவிடுவதால் ஆம்ப்பின் பெரிய பல்ஸுகளுக்கு இது தடையாகத் தெரியாது. அதில் சுற்றிய கம்பியின் தடை மட்டும் மிஞ்சும். 16 ஆம்பியர் ஃபில்டரில் அது புறக்கணிக்கத்தக்கது. 3 ஆம்பியர் ஃபில்டரை வைத்து மேலே 16 ஆம்பியர் சாக்கெட் மாட்டி விற்கும் மலிவுப் பெட்டியில்தான் கம்பி சூடேறும். தொடராகத் தனி இண்டக்டர் (கம்பிச் சுருள்) போட்ட பெட்டி வேறு கதை. 1 மில்லி ஹென்றி இண்டக்டர் 50 ஹெர்ட்ஸில் 0.31 ஓம்தான். ஆனால் ஆம்ப் இழுக்கும் கூரிய பல்ஸில் 150, 250 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக்குகள் (50 ஹெர்ட்ஸின் மடங்குகள்) நிறைய உண்டு, அவற்றுக்கு இதே இண்டக்டர் 0.94, 1.57 ஓமாக நிற்கும். பல்ஸ் அகன்று, உயரம் குறைந்து, ரெயில் வோல்டேஜ் (ஆம்ப்பின் கெப்பாசிட்டர்களில் நிற்கும் டிசி வோல்டேஜ்) சற்று இறங்கும்.

ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்தான் (மெயின்ஸையும் கருவியையும் தனித்தனிச் சுருள்களால் பிரித்துவைப்பது) கவனமாகப் பார்க்க வேண்டிய வகை. மேனுவல் எச்சரிப்பதும் பெரும்பாலும் இதைத்தான். 1 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மருக்கு ரெகுலேஷன் 5 சதவீதம் என்று போட்டிருந்தால், முழு லோடான 4.35 ஆம்பியரில் 11.5 வோல்ட் விழுகிறது என்று பொருள். அதாவது 2.6 ஓம். சுவரின் மொத்தத் தடையைப்போல் நான்கு மடங்கு. உங்கள் ஆம்ப்புக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் ஏறத்தாழ இதே அளவுதான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். அதற்கும் இதே போன்ற உள்தடை உண்டு. ஆம்ப்பை வடிவமைத்தவர் அதைக் கணக்கில் வைத்துத்தான் ரெயில் வோல்டேஜைத் தீர்மானித்தார். முன்னால் இன்னொரு 1 கேவிஏ வைத்தால் அந்தத் தடை இரட்டிப்பாகிறது. தாழ்ந்த ஒலி (bass) அதிகமுள்ள பாட்டில், சத்தமாக வைக்கும்போது, ஆம்ப் எதிர்பார்த்ததற்கு முன்பே கிளிப் ஆகும். அதே வேலைக்கு 3 கேவிஏ, 3 சதவீத ரெகுலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் தடை 0.53 ஓமாக இறங்கிவிடும், அப்போது பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது 25 கிலோவுக்குக் குறையாமல் எடை இருக்கும், தானே மெல்ல ஹம் செய்யும். ஹாலில் வைக்கிற பொருளல்ல. ஆம்ப்பின் முழு விஏ தேவைக்குச் சமமாக ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்காதீர்கள். ஒன்றரை மடங்காவது வேண்டும், இரண்டு மடங்கு நல்லது.

மெயின்ஸை டிசியாக்கி மறுபடி சுத்தமான 230 வோல்ட் சைன் அலையாகத் தரும் ரீஜெனரேட்டர்களும், ஆன்லைன் யுபிஎஸ்ஸும் கடைசி வகை. இவற்றின் வெளியீட்டு வோல்டேஜ் நிலையாக இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கு ஓர் உச்ச கரண்ட் எல்லை உண்டு. சைன் அலையில் 1 கேவிஏ தரும் கருவியின் சாதாரண உச்சி 6 ஆம்பியர் சொச்சம். க்ரெஸ்ட் ஃபேக்டர் (மீட்டர் காட்டும் கரண்டைப்போல் உச்சி எத்தனை மடங்கு போகலாம் என்பது) 3:1 என்று ஸ்பெசிஃபிகேஷனில் போட்டிருந்தால் 13 ஆம்பியர் வரை தாங்கும். உங்கள் ஆம்ப் முழு ஓட்டத்தில் கேட்பது 20. எல்லையைத் தொட்டால் அலையின் தலை தட்டையாக வெட்டப்படும் அல்லது கருவி ஓவர்லோட் என்று நிற்கும். இந்த ஆம்ப்புக்கு ரீஜெனரேட்டர் என்றால் 3 கேவிஏ வகைதான் பொருந்தும். அந்தப் பணத்துக்கு ஸ்பீக்கரை மாற்றினால் கிடைக்கும் பலன் மிக அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

பவர் ஆம்ப்புக்கு இந்தச் சுத்திகரிப்பு தேவைதானா என்பதையும் கேட்க வேண்டும். பெரும்பாலும் தேவையில்லை. அதன் டிரான்ஸ்ஃபார்மரும் பல்லாயிரம் மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர்களுமே பெரிய ஃபில்டர். மீதமிருக்கும் மின் இரைச்சலை ஆம்ப்பின் ஃபீட்பேக் சர்க்யூட் அடக்கிவிடும். நுண்ணிய சிக்னலைக் கையாளும் ஃபோனோ ஸ்டேஜ் (ரெக்கார்ட் பிளேயர் சிக்னலைப் பெருக்குவது), டிஏசி, ப்ரீஆம்ப் ஆகியவற்றுக்கு ஃபில்டர் போட்டால் அர்த்தமுண்டு. அவை இழுப்பது மொத்தமே 50 வாட் சொச்சம் என்பதால் சிறிய 250 விஏ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்கூடப் போதும். பணம் செலவழிக்க ஆசையிருந்தால் அங்கே செலவழியுங்கள்.

பவர் ஆம்ப்புக்கு மெயின்ஸிலிருந்து வரும் ஒரு தொல்லை உண்மையானது. டோராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப் சில வேளைகளில் திடீரென்று உடம்போடு உறுமும், பிறகு தானே அடங்கும். மெயின்ஸில் கலந்த சிறிதளவு டிசிதான் காரணம். ஹேர் டிரையரை "லோ"வில் போடும்போது பல மாடல்களில் ஒற்றை டயோடு வழியே அரை அலையை மட்டும் எடுக்கும். அது ஓடும் நேரத்தில் அந்த லைனில் சில நூறு மில்லிவோல்ட் டிசி நிற்கும். டோராய்டின் பிரைமரி தடை 1, 2 ஓம்தான் என்பதால் அந்த அரை வோல்ட்டே கால் ஆம்பியர் டிசியை உள்ளே தள்ளி, டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு மையத்தை (core) ஒரு பக்கமாகச் சாச்சுரேட் செய்துவிடும், அதாவது காந்தமாதலின் எல்லைக்குத் தள்ளிவிடும். சோதிப்பது எளிது: ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு ஆம்ப்பின் மேல் காதை வையுங்கள். உறுமல் அப்படியே இருந்தால் அது டிரான்ஸ்ஃபார்மரின் உறுமல். ஹேர் டிரையரை நிறுத்தியதும் அடங்கினால் காரணம் உறுதி. இதற்கு இஎம்ஐ ஃபில்டரோ ஸ்பைக் கார்டோ உதவாது. டிசி பிளாக்கர் என்று ஸ்பெசிஃபிகேஷனில் தெளிவாகப் போட்ட கருவி, அதுவும் உங்கள் ஆம்ப்பின் கரண்ட்டுக்கு ரேட் செய்தது, தேவை. ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் டிசியைத் தடுக்கும், ஆனால் அதே உறுமலை அது தன்மேல் வாங்கிக்கொள்ளும்.

கடைக்காரர் சொன்ன பாதி உண்மைக்கு வருவோம்: ஆம்ப் போய்விடும் என்பது. தமிழ்நாட்டில் த்ரீ பேஸ் வீட்டில் ஆம்ப்பைக் கொல்லும் முதல் எதிரி நியூட்ரல் கட். தெருக் கம்பத்திலோ மீட்டர் போர்டிலோ நியூட்ரல் கழன்றால், வெவ்வேறு பேஸில் இருக்கும் லோடுகள் 400 வோல்ட்டின் குறுக்கே தொடராக அமைந்துவிடும். லோடு குறைவான பேஸில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறும். 63 வோல்ட் ரெயில் உள்ள ஆம்ப்பில் 80 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டிருந்தால், மெயின்ஸ் 300-ஐத் தொடும்போது ரெயில் 82 ஆகிவிடும். சில நொடியில் கெப்பாசிட்டர் வீங்கும் அல்லது அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும்.

இந்த இடத்தில் எம்ஓவி மட்டும் உள்ள கண்டிஷனர் எதற்கும் உதவாது. 275 வோல்ட் ரேட்டிங் உள்ள 20 மி.மீ. எம்ஓவி, மைக்ரோ விநாடிக் கணக்கில் வந்து போகும் ஸ்பைக்கை 700 வோல்ட் அளவில் வெட்டும். அதற்காகத்தான் அது செய்யப்பட்டது. நிமிடக்கணக்கில் 350 வோல்ட் நின்றால் எம்ஓவியே எரியும், பெட்டியிலிருந்து புகை வரும். தேவைப்படுவது டிபி பாக்ஸில் டின் ரெயிலில் (எம்சிபிகளை மாட்டும் உலோகப் பட்டை) மாட்டும் ஓவர்/அண்டர் வோல்டேஜ் கட் ஆஃப். மேல் எல்லை 265, கீழ் எல்லை 175 வோல்ட், மறுபடி இணைய 60 விநாடி தாமதம் என்று வைத்தால் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். ஒவ்வொரு பேஸுக்கும் ஒன்று மாட்டினால் டிவியும் ஃபிரிட்ஜும் சேர்ந்து தப்பிக்கும். அதோடு டைப் 2 எஸ்பிடி (ஸ்பைக்கை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) ஒன்றையும் மெயின் சுவிட்சுக்கு அடுத்து, எர்த் பாருக்கு மிகக் குட்டையான வயரில் மாட்டச் சொல்லுங்கள். அரை மீட்டருக்கு மேல் நீண்ட வயரில் மாட்டினால் எஸ்பிடியின் பலன் பாதி போய்விடும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கை உருவுவதற்கு ஈடான கருவி எதுவும் இல்லை. உருவும்போது டிஷ் கேபிளையும் இன்டர்நெட் கேபிளையும் சேர்த்தே உருவுங்கள், அவை வழியேயும் வரும்.

ஏற்கெனவே ஒரு கண்டிஷனர் வாங்கிவிட்டீர்கள், அது ஆம்ப்பின் கரண்டைத் தடுக்கிறதா என்று தெரிய வேண்டும் என்றால் ஒரு அயர்ன் பாக்ஸும் மல்டிமீட்டரும் போதும். மீட்டர் மெயின்ஸுக்கு ரேட் செய்ததாக, ப்ரோப்களின் இன்சுலேஷன் நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஆம்ப் லைனின் சாக்கெட்டில் 1,000 வாட் அயர்ன் பாக்ஸைச் சொருகி, அதே போர்டின் பக்கத்து சாக்கெட்டில் வோல்டேஜைப் பாருங்கள். அயர்ன் ஆஃபில் 231, ஆனில் 228 என்றால் விழுந்தது 3 வோல்ட். அயர்ன் எடுப்பது 4.35 ஆம்பியர், 3-ஐ அதால் வகுத்தால் 0.69 ஓம். ஈபி வோல்டேஜ் தானாகவே ஆடும் என்பதால் ஐந்தாறு தடவை ஆன், ஆஃப் செய்து சராசரி எடுங்கள். பிறகு இதையே கண்டிஷனரின் சாக்கெட்டில் செய்யுங்கள். வீழ்ச்சி 4 வோல்ட்டுக்குள் இருந்தால் பெட்டி கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. 12, 14 வோல்ட் விழுந்தால் உள்ளே சிறிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, ஆம்ப்பை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்தச் சோதனை கம்பியின் தடையைத்தான் காட்டும். தொடர் இண்டக்டரின் தடை அயர்ன் பாக்ஸ் மாதிரி லோடில் வெளியே தெரியாது, அதற்கு ஸ்பெசிஃபிகேஷனைத்தான் பார்க்க வேண்டும். 1,000 வாட் தாங்காத பெட்டியில் இதைச் செய்யவே கூடாது.

லைன் போடும் வேலையில் எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டியது: டிபி பாக்ஸிலிருந்து இடையில் எங்கும் கிளை இல்லாமல் 4 ஸ்கொயர் பேஸ், 4 ஸ்கொயர் நியூட்ரல், 2.5 ஸ்கொயர் எர்த். 16 ஆம்பியர் சி கர்வ் எம்சிபி (கரண்ட் எல்லை மீறினால் தானே விழும் சுவிட்ச்). ஒரே போர்டில் இரண்டு 16 ஆம்பியர் சாக்கெட். சி கர்வ் ஏன் என்றால், சாஃப்ட் ஸ்டார்ட் (ஆன் ஆகும்போது கரண்டை மட்டுப்படுத்தும் சர்க்யூட்) இல்லாத 1 கேவிஏ டோராய்ட் ஆன் ஆகும் கணத்தில் அலையின் எந்தப் புள்ளியில் சுவிட்ச் விழுகிறது என்பதைப் பொறுத்து 100 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும், ஓர் அரைச் சுற்றுக்கு மட்டும். பி கர்வ் எம்சிபி ரேட்டிங்கைப்போல் 3 முதல் 5 மடங்கில் உடனே விழும், 16 ஆம்பியருக்கு அது 48 முதல் 80. சி கர்வ் 5 முதல் 10 மடங்கு, 80 முதல் 160. அப்போதும் எம்சிபி அடிக்கடி விழுந்தால் 25 ஆம்பியராக ஏற்றுவது தீர்வல்ல, அது சாக்கெட்டைப் பாதுகாப்பில்லாமல் ஆக்கிவிடும். ஆம்ப்புக்கு ரிலேயுடன் கூடிய சாஃப்ட் ஸ்டார்ட் போட வேண்டும். ஒரே சுவிட்சில் ஆம்ப், சப்வூஃபர், டிவி எல்லாவற்றையும் சேர்த்துப் போடுவதையும் விடுங்கள். ப்ரீஆம்ப் முதலில், பவர் ஆம்ப் கடைசியில்; நிறுத்தும்போது பவர் ஆம்ப் முதலில்.

சாக்கெட்டும் பிளக்கும்தான் நடைமுறையில் முதலில் எரியும் இடம். பிடி தளர்ந்த சாக்கெட்டில் 0.1 ஓம் தொடுதடை வந்தால் 8 ஆம்பியரில் 6.4 வாட் சூடு, அதுவும் பின்னின் நுனியில், ஒரு கடலை அளவு இடத்தில். பிளாஸ்டிக் முதலில் பழுப்பாகும், பிறகு மீன் வாடை மாதிரி நாற்றம் வரும். ஒரு மணி நேரம் சத்தமாக ஓட்டிவிட்டு சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவிப் பின்களைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு மேல் இருந்தால் சாக்கெட்டை மாற்றுங்கள். வெளிநாட்டு ஆம்ப் வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய உருண்டைப் பின் பிளக்கில் எர்த் பக்கவாட்டுத் தகடுகளில் இருக்கிறது. அதை நம் சாக்கெட்டிலோ யுனிவர்சல் அடாப்டரிலோ சொருகினால் பேஸும் நியூட்ரலும் கிடைக்கும், எர்த் கிடைக்காது. ஆம்ப்பின் உலோக உடம்பு எர்த் இல்லாமல் நிற்கும். பவர் கார்டையே 16 ஆம்பியர் இந்திய பிளக் உள்ளதாக மாற்றிவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் கண்டிஷனர் கொண்டுவருவதும் வேண்டாம். அதிலுள்ள எம்ஓவி 150 வோல்ட் வகை, 230-ஐக் கொடுத்த நொடியில் எரியும்.

ஆம்ப் சுவரில், மற்றவை கண்டிஷனரில் என்று பிரிக்கும்போது வரக்கூடிய தொல்லை ஹம். ஆம்ப் ஒரு போர்டிலும் ப்ரீஆம்ப் எதிர்ச் சுவரின் போர்டிலும் இருந்தால் இரண்டு எர்த்துக்கும் இடையே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். அது கருவிகளை இணைக்கும் ஆர்சிஏ சிக்னல் கேபிளின் ஷீல்டு வழியே ஓடி ஸ்பீக்கரில் உறுமும். அதனால்தான் ஒரே போர்டில் இரண்டு சாக்கெட் போடச் சொன்னேன்: ஒன்றில் ஆம்ப், மற்றொன்றில் ஃபில்டர் பெட்டி. இரண்டும் ஒரே பேஸில் இருப்பது கட்டாயம். வேறு பேஸில் இருந்தால் ரேக்கில் பக்கத்துப் பக்கத்துக் கருவிகளுக்கு நடுவே 400 வோல்ட் நிற்கும். அப்படியும் ஹம் வந்தால் டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள், பாதி வீடுகளில் அதுதான் காரணம். கேபிளுக்கு ஒரு கிரவுண்ட் ஐசோலேட்டர் போட்டால் தீரும். ப்ரீஆம்ப்பில் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் பேலன்ஸ்டு சிக்னல் இணைப்பு) இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஹம்மை நிறுத்த ஆம்ப்பின் எர்த் பின்னை வெட்டும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் ஒரு நாள் போனால் ஆம்ப்பின் உடம்பிலும், ஆர்சிஏ கேபிளின் வெளிப்பக்கத்திலும், அதோடு இணைந்த எல்லாக் கருவியிலும் 230 வோல்ட் நிற்கும். எந்தச் சூழலிலும் அதைச் செய்யாதீர்கள், செய்ய வரும் ஆளையும் தடுங்கள்.

ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) அடிக்கடி விழுந்தால் ஃபில்டர் பெட்டிகளையும் சந்தேகிக்கலாம். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே இருக்கும் 4.7 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒவ்வொன்றும் 0.34 மில்லி ஆம்பியர் கசியவிடும். ஒன்றிரண்டு பெட்டியால் ஆர்சிசிபி விழாது. ஏசி, கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின் எல்லாம் சேர்ந்தால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியின் பொறுமையைத் தொடலாம்.

கிளாஸ்-டி (ஸ்விட்சிங் வகை) ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன கவலைகளில் பலவும் குறையும். திறன் 85 சதவீதத்துக்கு மேல், ஒரே ஒலிக்கு இழுக்கும் கரண்ட் குறைவு. எஸ்எம்பிஎஸ்ஸில் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைத் திருத்தும் சர்க்யூட்) இருந்தால் கரண்ட்டும் சைன் அலையாகவே போகும், ஆனால் எல்லா கிளாஸ்-டி ஆம்ப்பிலும் பிஎஃப்சி இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். நியூட்ரல் கட் அதையும் கொல்லும்.

ஸ்டெபிலைசர் வேண்டுமா என்றும் பலர் கேட்கிறார்கள். மாலையில் 190-க்குக் கீழே இறங்கும் ஊராக இருந்தால் 3 கேவிஏ சர்வோ ஸ்டெபிலைசர் போடலாம். டிவிக்கு விற்கும் 500 விஏ ஸ்டெபிலைசரில் இந்த ஆம்ப்பை மாட்டக் கூடாது. 210-க்கு மேலே நிற்கும் வீட்டில் டிபி பாக்ஸில் மாட்டச் சொன்ன ஓவர்/அண்டர் வோல்டேஜ் கட் ஆஃப் ஒன்றே போதும்.

கடைசியாக இன்வர்ட்டர் லைன். நிறைய வீடுகளில் ஹாலின் பிளக் பாயிண்டுகள் இன்வர்ட்டரில்தான் இருக்கின்றன. ஈபி இருக்கும்போதும் அந்த கரண்ட் இன்வர்ட்டரின் ரிலே வழியாகத்தான் வருகிறது. ஈபி போன கணத்தில் 800 விஏ இன்வர்ட்டரின் மேல் பெரிய டோராய்ட் விழுந்தால் ஓவர்லோட் காட்டி வீடே இருண்டுவிடும். ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டராக இருந்தால் அலையின் உச்சி 325-க்குப் பதில் 230 அளவில்தான் நிற்கும். ஆம்ப்பின் ரெயில் 30 சதவீதம் இறங்கி, டிரான்ஸ்ஃபார்மரும் உறுமத் தொடங்கும். எலக்ட்ரீஷியன் வரும்போது ஹாலின் எந்தப் பாயிண்ட் இன்வர்ட்டரில் இருக்கிறது என்று மெயினை ஆஃப் செய்து பார்த்து, ஆம்ப் லைனை அதற்கு வெளியே, நேராக டிபி பாக்ஸின் ஈபி பக்கத்து பஸ் பாரிலிருந்து (கரண்டைப் பிரித்துக்கொடுக்கும் உலோகப் பட்டை) எடுக்கச் சொல்லுங்கள்.